ஒரு பிடி மணலும் இரண்டு உலோகங்களும்: தாது தேடுவோர் விகிதம் பார்ப்பது ஏன்?

மலாக்காவில் ஒரு காலத்தில் வெள்ளீயமே பணமாகப் புழங்கியது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் ஹோவின் கப்பற்படையோடு இங்கு வந்த மா ஹுவான் என்ற சீன மொழிபெயர்ப்பாளர் அதை விவரமாக எழுதி வைத்திருக்கிறார். மலைப் பள்ளத்தாக்குகளில் இரண்டு இடங்களில் வெள்ளீயம் எடுத்தார்கள். அரசரின் அதிகாரிகள் வேலையை மேற்பார்த்தார்கள். ஆட்கள் மணலை அலசித் தாதுவைப் பிரித்து, உருக்கிச் சிறு கட்டிகளாக வார்த்தார்கள். பத்துக் கட்டிகளைப் பிரம்பால் கட்டினால் ஒரு சிறு கட்டு. நாற்பது சேர்ந்தால் ஒரு பெரிய கட்டு. சந்தையில் பொருள் வாங்க இந்தக் கட்டிகளே கைமாறின.

ஒரு சொல்லை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வோம். நம் நாட்டில் ஈயச் சுரங்கம், ஈயக்குட்டை என்று பேசும்போது நாம் சொல்வது வெள்ளீயத்தைத்தான். கார் பேட்டரியில் இருக்கும் கனமான கறுத்த உலோகம் காரீயம். இரண்டும் வெவ்வேறு தனிமங்கள். இந்தக் கட்டுரையில் இரண்டும் வரும், பெயரைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளீயத்தோடு கதை முடியவில்லை. ஜாசின் பக்கமிருந்து கிழக்கே பார்த்தால் தெரியும் லேடாங் மலை 1,276 மீட்டர் உயரம். ஐரோப்பியர்கள் அதற்கு ஓபீர் என்று பெயரிட்டார்கள். பைபிளில் தங்கத்துக்குப் பேர்போன நாட்டின் பெயர் அது. மதராஸ் காலாட்படையில் அதிகாரியாக இருந்த நியூபோல்ட், 1839இல் வெளியிட்ட நூலில், அந்த மலையடிவாரத்தில் தங்கம் எடுக்கப்பட்டதைக் குறிப்பிடுகிறார். மலாக்கா எல்லையைத் தாண்டியதும் நெகிரி செம்பிலானில் இருக்கும் செண்டராஸ், அக்காலத்திலிருந்தே தங்கத்துக்கு அறியப்பட்ட இடம். கெசாங் பள்ளத்தாக்கிலோ 19ஆம் நூற்றாண்டில் சீனத் தொழிலாளர்கள் வெள்ளீயம் தோண்டினார்கள்.

ஒரு பக்கம் வெள்ளீயம், சற்றுத் தள்ளித் தங்கம். ஏன் இப்படி? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. ஆற்று மணலில் எளிதாகக் கிடைத்ததை முன்னோர்கள் எடுத்துவிட்டார்கள். இன்னும் ஏதாவது இருந்தால் அது பாறைக்குள், மண்ணுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லா இடத்திலும் தோண்டிப் பார்க்கலாம் என்று சொல்ல முடியாது. மலாக்கா சிறிய மாநிலம். 1991இல் டுரியான் துங்கால் அணை வறண்டபோது மக்கள் தண்ணீர்ப் பங்கீட்டில் நாள்களைக் கடத்த வேண்டியிருந்தது. இங்கே ஒவ்வோர் ஆறும் ஒவ்வொரு நீர்ப்பிடிப்புக் காடும் முக்கியம். தவறான இடத்தில் ஒரு சுரங்கம் என்றால் பணம் மட்டும் போகாது, தண்ணீரும் போகும். ஆகவே, இயந்திரம் வருமுன்பே பாறையிடம் கேள்வி கேட்க ஒரு வழி வேண்டும். அந்த வழிகளுள் ஒன்றுதான் உலோக விகிதம். உங்களுக்குத் தெரிந்த வகுத்தல் கணக்குதான் அது.

தனி எண் ஏமாற்றும்

உங்கள் தாத்தா பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களாக இருந்தால், அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "பால் நிறுக்கும்போது வாளி நிறைந்திருந்தால் மட்டும் போதுமா?" போதாது என்பார்கள். மழைத்தண்ணீர் விழுந்த பாலும் வாளியை நிறைக்கும். அதனால்தான் கொட்டகையில் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் இட்டு, அதில் உண்மையில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்த்தார்கள். நல்ல பாலில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்கு ரப்பர் இருக்கும். மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டத்தை டான் சே யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்தான் போட்டார். எனவே 'அளவை மட்டும் நம்பாதே, பங்கைப் பார்' என்ற கணக்கு இந்த மாநிலத்துக்குப் பழக்கமானதே.

பாறையிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே தண்ணீருக்குப் பதிலாகக் குவார்ட்ஸ் என்ற வெள்ளைக்கல் வந்து கலக்கிறது. அதில் உலோகம் ஏறக்குறைய இல்லை. ஒரு பாறை மாதிரியில் குவார்ட்ஸ் கூடுதலாக இருந்தால் மற்ற எல்லா உலோகங்களின் அளவும் குறைந்து காணப்படும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு டன் பாறையில் எத்தனை கிராம் உலோகம் என்பது அளவு. மூன்று பாறைகளில் ருபிடியம், ஸ்ட்ரோன்சியம் என்ற இரண்டு உலோகங்களை அளக்கிறோம்.

முதல் பாறை: ருபிடியம் 120, ஸ்ட்ரோன்சியம் 30.
இரண்டாம் பாறை: ருபிடியம் 40, ஸ்ட்ரோன்சியம் 10.
மூன்றாம் பாறை: ருபிடியம் 40, ஸ்ட்ரோன்சியம் 160.

ருபிடியத்தை மட்டும் பார்த்தால் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே வகை, முதலாவது வேறு வகை என்று தோன்றும். இப்போது ருபிடியத்தை ஸ்ட்ரோன்சியத்தால் வகுத்துப் பாருங்கள். முதலாவது 4. இரண்டாவதும் 4. மூன்றாவது 0.25. கதை தலைகீழாக மாறிவிட்டது! முதலும் இரண்டும் ஒரே பாறை. இரண்டாவதில் மூன்றில் இரண்டு பங்கு குவார்ட்ஸ் கலந்திருக்கிறது, அவ்வளவுதான். மூன்றாவதுதான் அந்நியம்.

இரண்டு எண்களையும் ஒரே அளவு நீர்த்துப்போகச் செய்யும் எதுவும் வகுத்தலில் காணாமல் போய்விடுகிறது. மிஞ்சுவது அந்தப் பாறை எப்படிப் பிறந்தது என்ற சேதி. விகிதத்தின் பலம் இதுதான்.

ஐஸ் கிரீம் மலேசியா சொல்லும் பாடம்

அந்தச் சேதியைப் படிக்க, பாறை பிறக்கும் விதம் தெரிய வேண்டும். நீண்ட பிளாஸ்டிக் பையில் விற்கும் 'ஐஸ் கிரீம் மலேசியா' சாப்பிட்டிருப்பீர்கள். வாய் வைத்து உறிஞ்சினால் முதலில் இனிப்பும் நிறமும் வாய்க்குள் வந்துவிடும். மிஞ்சும் பனிக்கட்டி வெளுத்துச் சப்பென்று இருக்கும். தண்ணீர் உறையும்போது சர்க்கரையைத் தன் படிகத்துக்குள் சேர்த்துக்கொள்வதில்லை. அதனால் சர்க்கரை உறையாமல் மிஞ்சிய நீரில் போய்ச் சேர்கிறது. உறைய உறைய, மிச்சத்தின் இனிப்பு ஏறிக்கொண்டே போகும்.

பூமிக்கடியில் உருகிய பாறைக்குழம்பும் இப்படித்தான் உறைகிறது. அது மெல்லக் குளிர்ந்து கிரானைட் என்னும் கருங்கல்லாகிறது. முதலில் உருவாகும் ஃபெல்ஸ்பார் படிகங்களுக்குள் ஸ்ட்ரோன்சியம் எளிதாக நுழைந்துவிடும். ருபிடியத்துக்கு அங்கே இடம் குறைவு. அது மிச்சக் குழம்பில் தங்கும். ஆகவே குழம்பு உறைய உறைய, ருபிடியம்–ஸ்ட்ரோன்சியம் விகிதம் ஏறும். பூமியின் மேலோட்டில் இந்த விகிதம் சராசரியாக ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, அதாவது 0.25 அளவுதான். கடைசிச் சொட்டுவரை உறைந்த சில கிரானைட்டுகளில் அது பத்தையும் தாண்டிவிடும்.

வெள்ளீயமும் சர்க்கரையைப் போன்றது. தகுந்த சூழலில் அது முதல் படிகங்களுக்குள் நுழையாமல் கடைசிச் சொட்டு வரை காத்திருக்கும். சாதாரணப் பாறையில் ஒரு டன்னுக்கு இரண்டு கிராம் அளவே இருக்கும் வெள்ளீயம், இவ்வாறு சேர்ந்து சேர்ந்துதான் தாதுவாக மாறும் நிலைக்கு வருகிறது. எனவே ருபிடியம்–ஸ்ட்ரோன்சியம் விகிதம் உயர்ந்த கிரானைட்டைக் கண்டால், தாது தேடுபவர் நிமிர்ந்து உட்காருகிறார். வெள்ளீயத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் வெள்ளீயம் சேரக்கூடிய அளவுக்கு இந்தக் குழம்பு வடிகட்டப்பட்டிருக்கிறது என்பது தெரிந்துவிட்டது.

இன்னொரு சோடி நியோபியமும் டான்டலமும். இவை இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. வேதியியல் குணத்தில் பிரித்தறிவது கடினம். சாதாரண வேலைகளில் இரண்டும் சேர்ந்தே போகும். பூமியின் மேலோட்டில் நியோபியம் டான்டலத்தைப் போல ஏறக்குறைய 13 மடங்கு. ஆனால் குழம்பு கடைசிக் கட்டத்துக்கு வந்து, அதிலிருந்து சூடான நீர் பிரியும் சமயத்தில், இந்த இரட்டையரும் பிரிகிறார்கள், விகிதம் இறங்குகிறது. பிரான்சைச் சேர்ந்த ஆய்வுக்குழு ஒன்று 2016இல் பல நாட்டுக் கிரானைட்டுகளின் கணக்கை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. வெள்ளீயம், டங்ஸ்டன், டான்டலம் ஆகியவற்றோடு தொடர்புடைய கிரானைட்டுகளில் இந்த விகிதம் பெரும்பாலும் 5க்குக் கீழே இருந்தது. கைப்பேசிக்குள் இருக்கும் சிறிய மின்தேக்கிகளுக்கு டான்டலம் வேண்டும். ஆகவே இந்தச் சோடி இன்று இருமடங்கு கவனம் பெறுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. விகிதம் உயர்ந்திருந்தால் போதாது. குழம்பில் ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது என்பதும் முக்கியம். ஆக்சிஜன் மிகுந்த குழம்பில் வெள்ளீயம் முன்கூட்டியே படிகங்களுக்குள் சிதறிப் போய்விடும். ஜப்பானிய நிலவியலாளர் இஷிஹாரா 1977இல் கிரானைட்டுகளை இரண்டு வரிசையாகப் பிரித்தார். ஒன்றில் காந்தத்தோடு நன்றாக ஒட்டும் மேக்னடைட் கனிமம் இருக்கும். மற்றதில் காந்தத்துக்கு அவ்வளவாக இழுபடாத இல்மனைட் இருக்கும். வெள்ளீயம் இரண்டாவதோடுதான் சேர்ந்து காணப்படுகிறது. நம் தீபகற்பத்தின் முதுகெலும்பான தித்திவாங்சா மலைத்தொடரின் கிரானைட்டுகள் பெரும்பாலும் இந்த இல்மனைட் வரிசை. ஈயம் அலசிய பிறகு மிஞ்சும் கறுப்பு மணலான அமாங்கில் இல்மனைட் நிறைய இருப்பது இதனால்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலக வெள்ளீயத்தில் பாதிக்கு மேல் மலாயா தந்ததற்குப் பின்னாலும் இந்த இரசாயனம் இருக்கிறது.

தங்கம் ஏன் தள்ளி நிற்கிறது என்பதற்கும் விடை இங்கே தொடங்குகிறது. தீபகற்பத்தின் மேற்குப் பகுதியும் நடுப்பகுதியும் முன்பு தனித்தனி நிலத்துண்டுகள். 200 மில்லியன் ஆண்டுகளுக்கும் முன் அவை மோதி ஒட்டிக்கொண்டன. அந்தத் தையல் பெந்தோங், ரவுப் வழியாகத் தெற்கே மலாக்கா நோக்கி வருகிறது. தையலுக்கு மேற்கே பெரும்பாலும் வெள்ளீயம். கிழக்கே ரவுப்பில் தொடங்கித் தங்கம். மலாக்கா அந்தத் தையலின் தென்பகுதியை ஒட்டி இருப்பதால் இரண்டையும் அருகருகே பார்க்கிறது.

வெந்நீர் போன வழி

அலோர் காஜா பக்கம் காடேக் வெந்நீர் ஊற்றுக்குப் போயிருக்கிறீர்களா? மழைநீர் ஆழத்துக்கு இறங்கிச் சூடாகி, விரிசல் வழியாகத் திரும்பி மேலே வருவதே வெந்நீர் ஊற்று. தாதுக்களைப் படைத்ததும் இப்படிப்பட்ட வெந்நீர்தான். ஆனால் அது இதைவிடப் பல மடங்கு சூடானது, உப்பு மிகுந்தது, பல சமயம் பாறைக்குழம்பிலிருந்தே பிரிந்து வந்தது. அந்த உப்பு நீர் உலோகங்களைக் கரைத்துச் சுமந்து செல்லும். போகும் வழியில் குளிரும்போது ஒவ்வொன்றாகக் கீழே போடும்.

எல்லா உலோகத்தையும் ஒரே இடத்தில் போடுவதில்லை என்பதுதான் சுவாரசியம். இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் இதைத் தெளிவாகக் காணலாம். கிரானைட்டுக்கு மிக அருகே, அதிகச் சூட்டில் வெள்ளீயம் படிகிறது. சற்று விலகிச் செம்பு. இன்னும் தள்ளி, குளிர்ந்த பகுதியில் துத்தநாகமும் காரீயமும். பேருந்து ஒரே வழித்தடத்தில் போனாலும் பயணிகள் வெவ்வேறு நிறுத்தத்தில் இறங்குவது போன்றது இது. எந்த நிறுத்தத்தில் நிற்கிறோம் என்பதை, இறங்கியிருக்கும் பயணிகளைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

கோர்ன்வாலின் டோல்கோத் சுரங்கம் 19ஆம் நூற்றாண்டில் இதற்கு நல்ல சான்றாக அமைந்தது. முதலில் அது செம்புச் சுரங்கம். ஆழம் போகப் போகச் செம்பு குறைந்தது. சுரங்கத்தின் காலம் முடிந்தது என்று நினைக்கத்தக்க நிலை வந்தது. ஆனால் இன்னும் ஆழத்தில் வெள்ளீயம் கிடைத்தது. டோல்கோத் பெரிய வெள்ளீயச் சுரங்கமாக மறுவாழ்வு பெற்றது. செம்பு குறைந்தது முடிவுக்கு அறிகுறியாகத் தெரிந்தது. செம்பையும் வெள்ளீயத்தையும் சேர்த்துப் பார்த்தவருக்கோ அது சூடான மையத்தை நெருங்குகிறோம் என்ற அறிகுறி. கோர்ன்வாலின் ரெட்ரூத் நகரிலிருந்துதான் பிற்காலத்தில் மலாயாவின் ஈய நிறுவனங்கள் சில நடத்தப்பட்டன என்பது நமக்கு இன்னொரு தொடர்பு.

இந்த அறிவை எண்ணாக மாற்றினால் வரைபடம் போடலாம். தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் ஜுல்கானி என்ற சுரங்க வட்டாரம் இருக்கிறது. அங்கு குடெல், பீட்டர்சன் என்ற இருவர் 1974இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தாது நரம்புகளில் எடுத்த மாதிரிகளில் வெள்ளி, காரீயம், செம்பு போன்ற உலோகங்களின் விகிதங்களைக் கணக்கிட்டார்கள். ஒரே விகிதம் உள்ள புள்ளிகளை, புவியியல் பாடத்தில் நீங்கள் வரையும் சம உயரக் கோடுகளைப் போல இணைத்தார்கள். கோடுகள் ஒரு மையத்திலிருந்து வெளியே விரிந்தன. பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன் வெந்நீர் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போனது என்பது காகிதத்தில் தெரிந்தது. ஓடிய நீர் எப்போதோ வற்றிவிட்டது. அதன் தடம் மட்டும் வகுத்தல் கணக்கில் மிஞ்சியிருந்தது.

916 என்றால் என்ன?

நகைக்கடை விளம்பரத்தில் 916 என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம் என்பது அதன் பொருள். மிச்சம் 84 பங்கு பொற்கொல்லர் சேர்த்த செம்பும் வெள்ளியும். அந்தக் காலத்தில் உரைகல்லில் உரசி மாற்றுப் பார்த்ததும் இதைத்தான்.

நிலவியலாளரும் ஆற்றில் கிடைத்த தங்கத் துகளுக்கு மாற்றுப் பார்க்கிறார். இயற்கைத் தங்கம் ஒருபோதும் முழுத் தங்கமாக இருப்பதில்லை. அதில் வெள்ளி கலந்திருக்கும். எவ்வளவு வெள்ளி என்பது அது பிறந்த சூழலைச் சொல்லும். மலைகள் மோதும் காலத்தில் ஆழத்தில் பிறந்த தங்கத்தில் பெரும்பாலும் வெள்ளி குறைவு. மாற்று 900ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ரவுப் தங்கமும், தமிழர்கள் பல தலைமுறையாக உழைத்த இந்தியாவின் கோலார் தங்கவயலும் இந்த வகைப் பிறப்பே. எரிமலைப் பகுதியில் தரைக்கு அருகே பிறக்கும் தங்கத்திலோ வெள்ளி மிக அதிகமாகச் சேரலாம்.

துகளுக்குள்ளேயே இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஆற்றில் நெடுங்காலம் உருண்ட துகளின் மேற்பரப்பிலிருந்து வெள்ளி கரைந்து போய்விடும். ஆகவே ஓரம் அதிகத் தூய்மையாகவும் நடு மாறாமலும் இருக்கும். துகளை இரண்டாக வெட்டி நடுவின் விகிதத்தைப் பார்த்தால் தாய்ப்பாறை எந்த வகை என்று தெரியும். ஓரம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பது அது ஆற்றில் பட்ட பாட்டுக்கு ஒரு தடயம். மணல் அளவுள்ள ஒரு துகளுக்குள் பிறப்பும் பயணமும் பதிவாகியிருக்கின்றன.

விகிதமும் ஏமாற்றும் இடங்கள்

இவ்வளவு நன்மை இருந்தாலும் விகிதத்தைக் கண்மூடி நம்பக்கூடாது. நம் நாட்டில் இதற்கு நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, மழை. மலாக்காவின் அ ஃபாமோசா கோட்டை வாயிலில் பயன்பட்ட சிவந்த, துளை விழுந்த கல்லைப் பாருங்கள். அது லேட்டரைட். கொட்டும் மழையும் வெயிலும் கரையக்கூடியதையெல்லாம் கொண்டுபோன பிறகு இரும்பும் அலுமினியமும் மிஞ்சிய கல் அது. நம் மண் பெரும்பாலும் இந்த வழியில்தான் உருவாகிறது. துத்தநாகம் விரைவில் கரைந்து ஓடும். காரீயம் ஓரளவு தங்கும். வெள்ளீயத்தின் தாதுவான காசிட்டரைட் அசையவே அசையாது. ஆகவே மேல்மண்ணில் துத்தநாகம்–காரீயம் விகிதம் குறைந்திருந்தால், அது பாறையின் குணமா மழையின் வேலையா என்று கேட்க வேண்டும். ஸ்ட்ரோன்சியமும் எளிதில் கழுவப்படும் உலோகம். அதனால் ருபிடியம்–ஸ்ட்ரோன்சியம் கணக்குக்குப் புதிதாக உடைத்த பாறைதான் வேண்டும். மண்ணில் பார்ப்பதானால் நியோபியம்–டான்டலம் போன்ற, இரண்டுமே அசையாத சோடியைத் தேர்வதே புத்திசாலித்தனம்.

இரண்டாவது, மனிதர்கள். பழைய லயத்து வீடுகளின் தகரக் கூரைக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு. மழை அதையும் கழுவி ஓடையில் சேர்க்கும். செம்பனைத் தோட்டத்துக்குப் போடும் உரத்தில் பொட்டாசியம் இருக்கிறது. பழைய வண்ணப்பூச்சிலும் பேட்டரியிலும் காரீயம் இருக்கிறது. எங்கே மாதிரி எடுத்தோம், ஓடைக்கு மேலே என்ன இருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதாதவருக்கு விகிதம் பொய் சொல்லும்.

மூன்றாவது, அளவு மறைந்துபோவது. 2000ஐ 1000ஆல் வகுத்தாலும் 2. 2ஐ 1ஆல் வகுத்தாலும் 2. முதலாவது சுரங்கம் ஆகலாம், இரண்டாவது ஒன்றுமில்லை. மேலும், மிகச் சிறிய அளவுகளில் கருவியின் சிறு பிழையும் விகிதத்தைப் பல மடங்கு மாற்றிவிடும்.

நான்காவது, வெவ்வேறு வழிகள் ஒரே விடையைத் தருவது. 12 என்ற எண் 3ஐ 4ஆல் பெருக்கியும் வரும், 6ஐ 2ஆல் பெருக்கியும் வரும். அதுபோல ஒரே விகிதத்தை வேறு வேறு நிகழ்வுகள் உண்டாக்கலாம். எனவே ஒரே ஒரு சோடியை நம்பாமல் இரண்டு மூன்று சோடிகளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். பாறையின் வகையையும் காந்தக் குணத்தையும் உடன் வைத்துப் பார்க்கிறார்கள்.

தோண்டாமல் இருக்கவும் உதவும்

நம் நாட்டில் இந்த வேலைக்குப் பொறுப்பானது கனிம, புவியறிவியல் துறை. முன்பு தனித்தனியாக இருந்த நிலவியல் ஆய்வுத் துறையும் சுரங்கத் துறையும் 1999இல் இணைந்து உருவானது அது. ஓடைகளின் வண்டல் மாதிரிகளை எடுத்து உலோகங்களை அளப்பது இத்தகைய துறைகளின் அடிப்படை வேலை. ஒரு பிடி வண்டல், அந்த ஓடைக்கு மேலே உள்ள மலை முழுவதன் சாறு போன்றது. அதை எடுக்க மரம் வெட்ட வேண்டாம், இயந்திரம் வேண்டாம்.

விகிதம் 'இங்கே பார்' என்று சொல்வதைவிட 'இங்கே வேண்டாம்' என்று சொல்வதே அதிகம். ஓர் இடத்தில் வெள்ளீயம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்து, ஆனால் கிரானைட்டின் விகிதங்கள் எல்லாம் சாதாரணமாக இருந்தால், அந்த வெள்ளீயம் எங்கிருந்தோ ஆறு கொண்டுவந்து சேர்த்ததாக இருக்கலாம். மலையைக் குடைவதில் பயன் இருக்காது. துளையிடும் முன்பே இதைத் தெரிந்துகொண்டால் ஒரு காடு தப்பும், ஓர் ஆறு தெளிவாக ஓடும்.

இதே கணக்கு மாசையும் கண்டுபிடிக்கும். ஓர் ஆற்றில் காரீயம் கூடியிருக்கிறது என்றால், அது பாறையிலிருந்து இயல்பாக வந்ததா, பழைய ஈயக்குட்டையிலிருந்து கசிந்ததா, தூக்கி எறிந்த பேட்டரியிலிருந்து வந்ததா? காரீயத்தின் அளவு மட்டும் இதைச் சொல்லாது. அதோடு வரும் மற்ற உலோகங்களின் விகிதமும், காரீயத்தின் ஐசோடோப்புகளுக்கு இடையே உள்ள விகிதமும் சேர்ந்து குற்றவாளியைக் காட்டிக்கொடுக்க உதவும். தாதுவைத் தேடுபவருக்கும் தண்ணீரைக் காப்பவருக்கும் ஒரே கருவிதான்.

நீங்களே கணக்குப் போடுங்கள்

ஒரு தாது நரம்பு தெற்கிலிருந்து வடக்கே போவதாக வைத்துக்கொள்வோம். நான்கு இடங்களில், ஒரு டன்னுக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில், கிடைத்த கற்பனை அளவுகள் இவை:

அ (தெற்கு): செம்பு 10, காரீயம் 200
ஆ: செம்பு 60, காரீயம் 300
இ: செம்பு 90, காரீயம் 90
ஈ (வடக்கு): செம்பு 40, காரீயம் 20

இரண்டு உலோகங்களையும் கூட்டிப் பார்த்தால் மிக அதிகம் இருப்பது 'ஆ'வில். மிகக் குறைவாக இருப்பது 'ஈ'யில். உங்களிடம் ஒரே ஒரு துளை போடத்தான் பணம் இருக்கிறது; வெந்நீர் கிளம்பிய சூடான மையத்தைத் தேட வேண்டும். எந்தப் பக்கம் போவீர்கள்?

செம்பைக் காரீயத்தால் வகுங்கள்: 0.05, 0.2, 1, 2. தெற்கிலிருந்து வடக்கே விகிதம் ஏறிக்கொண்டே போகிறது. செம்பு சூட்டுக்கு அருகிலும் காரீயம் தள்ளியும் இறங்கும் என்பதால், மையம் வடக்கே, 'ஈ'யையும் தாண்டி இருக்க வாய்ப்பு அதிகம். உலோகம் குறைவாக உள்ள பாறைதான் சரியான திசையைக் காட்டுகிறது. துளை போடுமுன் 'ஈ'யில் இன்னும் சில மாதிரிகளை எடுத்துச் சரிபார்ப்பீர்கள் என்றால், நீங்கள் ஏற்கனவே நிலவியலாளரைப் போலச் சிந்திக்கத் தொடங்கிவிட்டீர்கள்.

ஒரு முக்கியக் குறிப்பு, மாணவர்களே: பாறை பார்க்கும் ஆர்வத்தில் பழைய ஈயக்குட்டைகளின் கரைக்குப் போகாதீர்கள். அவற்றின் கரை சரியும். ஆழம் வெளியே தெரியாது. சாலையோரம் வெட்டிய மேடுகளும் ஆபத்தானவை. கல் பார்க்க வேண்டுமென்றால் ஆசிரியருடன் சேர்ந்து, அனுமதி பெற்ற இடத்துக்குச் செல்லுங்கள். கையில் ஒரு சிறு காந்தம், ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில் இருந்தால் போதும். வகுத்தல் உங்களுக்கு ஏற்கனவே தெரியும்.